எழுபத்தி நாலாவது வரி

கூட்டல் குறி போட்டா கூடணும். அதுக்குத்தானே அதுக்குக் கூட்டல்னு பேரு வச்சிருக்கான். ஒரு கட்டத்துல ‘மா’, பக்கத்துக் கட்டத்துல ‘அஜய்பாரதி’, நடுவுல கூட்டல் குறியைப் போட்டு என்டர் தட்டுனா ‘மா. அஜய்பாரதி’ன்னு வந்து நிக்கணுமா வேண்டாமா? வரலை. வேலிக்கம்பி மாதிரி ஒரு குறி, அதுக்குப் பின்னாடி வேல்யூன்னு இங்கிலீஷ்ல, அதுக்கும் பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி. ஆச்சரியப்பட வேண்டியவன் நான்தானய்யா. இருபத்திரெண்டு வருஷமா இந்த ஸ்கூல் ஆபீஸ்ல குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன். பேனாவைக் குடுத்தா நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க பேரையும் முக்கா மணி நேரத்துல முத்து முத்தா எழுதி முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிருவேன். பேனா கூடாதாம். எக்செல்லாம். இத்தனை வருஷமா இனிஷியலுக்கு ஒரு கட்டம், பேருக்கு ஒரு கட்டம்னு நிம்மதியா இருந்தது. இந்த வருஷம் எந்தப் புண்ணியவானுக்கு ஞானோதயம் வந்துச்சோ, ரெண்டும் ஒரே கட்டத்துல சேர்ந்து வரணுமாம், ஃபார்முலா போட்டாத்தான் தப்பில்லாம வருமாம். ஹெச்செம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து, ஏப்பத்தை அடக்கிக்கிட்டே, “குருமூர்த்தி, நாலு மணிக்கு சைட்டைப் பூட்டிருவாங்க, மூணு மணிக்குப் பிள்ளைங்க வந்து பேரைச் சரிபாத்துக் கையெழுத்துப் போடணும், பிரின்ட் எடுத்து ரெடியா வைங்க”ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சொல்றதுக்கு என்ன. இப்ப மணி ஒண்ணே முக்கால். இன்னிக்கு என்ன போகுதோ அதுதான் பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்ல அச்சாகும். அப்புறம் அதுல ஒரு எழுத்தை மாத்தணும்னா நோட்டரி, தாசில்தார், கெஜட்டுன்னு அலைஞ்சு செருப்புத் தேயணும். வேலை, பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரிகை எல்லாத்துக்கும் இந்தப் பேருதான். அதனால ஒழுங்காப் பண்ணணும். ஒழுங்காப் பண்ண விட்டாத்தானே. எழுபத்தி நாலாவது வரியில என் மக இருக்கா. அதைப் பத்தி இப்ப யோசிக்கக் கூடாது. முதல்ல அஜய்பாரதி.

சேவியர் சார் இருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருப்பார். கம்ப்யூட்டர் சார்னு ஒரே ஒரு மனுஷன், அவருக்கு இன்னிக்குப் பாத்துத்தான் நாகர்கோவில்ல மச்சினன் கல்யாணம் வரணும். ஃபோன் போட்டா பின்னாடி பேண்ட் செட்டு காதைக் கிழிக்குது. “சார், கூட்டல் எண்களுக்கு சார், எழுத்துக்கு அந்த ‘அண்டு’ குறி போடணும், ஏழாம் நம்பர் மேல இருக்கும் பாருங்க, வளைஞ்சு வளைஞ்சு, வாட்சப்ல அனுப்புறேன், அப்படியே காப்பி பண்ணி ஒட்டுங்க.” ஏழாம் நம்பர் மேல. எங்க கீபோர்டுல ஏழாம் நம்பர் மேல என்ன இருந்ததுன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும், தேஞ்சு வழவழன்னு கிடக்கு. ஒட்டினேன். ஒட்டினா வேற கெட்ட வார்த்தை சொல்லுது. மறுபடி வேலிக்கம்பி, இந்தத் தடவை நேம், கேள்விக்குறி. உன் பேரைக் கேக்கலைடா, பிள்ளைங்க பேரைத்தானே கேட்டேன். மறுபடி ஃபோன். “மேற்கோள் குறி வளைஞ்சிருக்கும் சார், வாட்சப் வளைச்சிரும், நீங்க அதை அழிச்சிட்டு நேரா இருக்கிற குறியைக் கையால போடுங்க.” குறி நேரா இருக்கணுமாம். அதுவரைக்கும் பொறுமையாத்தான் இருந்தேன். அதுக்கு மேல என்ன சொன்னேன்னு எனக்கே நினைவில்லை, இந்த ஸ்கூல்ல ஒரு பயலுக்கு வேலை தெரியாது, தெரிஞ்சவன் கறிச்சோறு திங்கப் போயிட்டான்னு ஏதோ சொன்னேன். பேண்ட் செட்டு மட்டும் கேட்டுது. அப்புறம், “சார், கத்தாதீங்க சார்.” “நான் எங்கய்யா கத்துறேன்? சாதாரணமாத்தான் பேசுறேன்.” வச்சிட்டார். சாதாரணமாத்தான் பேசினேன். என் தொண்டை அப்படி. எங்க வீட்டுல எல்லாருக்குமே அப்படித்தான், எங்க அப்பா உப்பு கேட்டாலே தெருவுக்கே கேக்கும். இதை என் வீட்டுக்காரி தேன்மொழிக்குப் பதினாலு வருஷம் சொல்லிப் பாத்தேன். கத்தாதீங்க, கத்தாதீங்கன்னு அதையேதான் அவளும் சொன்னா. கை நீட்டியிருக்கேனா? இல்லை. குடிச்சேனா? வாசனை பிடிக்காது எனக்கு. குரல். வெறும் குரல். குரலுக்காக ஒருத்தி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போவாளா? போனா. கோர்ட்டுல அவ பக்கத்து வக்கீலம்மா, “கணவர் அடிச்சதுண்டா?”ன்னு கேட்டப்ப, “இல்லைங்க, எப்ப கத்துவார்னு காத்துக்கிட்டே இருக்கிறது முடியலைங்க”ன்னா. நான் எந்திரிச்சு, “எப்படி பேசுறா பாருங்கய்யா”ன்னேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பாத்துது. மூணு வருஷம் ஆச்சு. சரி. நேரான மேற்கோள் குறி.

போட்டேன். குழப்பம் வேண்டாம்னு பக்கத்து வரிசையில புதுசா. இப்ப வேலிக்கம்பி இல்லை. அதுக்குப் பதிலா நான் அடிச்சது அத்தனையும் அப்படியே கட்டத்துக்குள்ள வந்து உக்காந்திருக்கு, சமக்குறியோட. சொன்னதைச் செய்டான்னா சொன்னதையே திருப்பிச் சொல்லுது. கிண்டல் பண்ணுதா? அந்த வரிசை முழுசும் எழுத்துன்னு யாரோ செட் பண்ணி வச்சிருக்கான்னு கண்டுபிடிக்க இருபது நிமிஷம். அதைப் பொதுன்னு மாத்தி, மறுபடி உள்ள போய் என்டர் தட்டி, அப்பாடா, ‘மா.அஜய்பாரதி’. நடுவுல இடம் இல்லை. புள்ளிக்கு அப்புறம் ஒரு இடம் விட்டேன். ‘மா. அஜய்பாரதி’. வந்துருச்சுய்யா. சத்தியமாச் சொல்றேன், அந்த நேரத்துல எனக்கு வந்த சந்தோஷம் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குக்கூட வரலை. கட்டத்தோட மூலையைப் பிடிச்சு இழுத்தா கடகடன்னு நூத்திப் பன்னெண்டு பேரும் வந்து விழுறாங்க. மு. சிவரஞ்சனி. ப. கௌசிக். செ. ஆஷிகா. ஒருத்திக்கு மட்டும் பேருக்கு முன்னாடி புள்ளி மட்டும் நிக்குது, . பிங்கி குமாரி. அவ அப்பா பீகார்லேருந்து வந்து ஸ்பின்னிங் மில்லுல இருக்கார், அவங்களுக்கு இனிஷியலே கிடையாது. “அப்ப என்னதான் போடுறது?”ன்னு சேர்க்கையப்ப நான் கேட்டதுக்கு அந்த மனுஷன் மலங்க மலங்க முழிச்சார். அந்தப் புள்ளியை எடுத்தேன். ரெண்டு பிள்ளைங்களுக்கு இனிஷியலுக்கும் பேருக்கும் நடுவுல ஆறே ஓடுற அளவுக்கு இடைவெளி, யாரோ இனிஷியல் அடிச்சிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி வச்சிருக்கான். அந்த யாரோ நான்தான். பழைய ரிஜிஸ்டர்லேருந்து ஏத்தினது நான்தானே. அதையும் சரி பண்ணினேன். அப்புறம் பெத்தவங்க குடுத்த ஃபார்மைக் கட்டா எடுத்து வச்சு ஒண்ணொண்ணா ஒப்பிட ஆரம்பிச்சேன். ரிஜிஸ்டர்ல இருக்கிறது சேர்க்கையப்ப போட்ட இனிஷியல். ஃபார்ம்ல இருக்கிறது இப்ப வேணும்கிற இனிஷியல். ரெண்டும் வேற வேறயா இருந்தா ஃபார்ம்தான் சரி, அதுதான் விதி. இனிஷியல் கட்டத்துல ஒரு எழுத்தை மாத்தினாப் போதும், சேர்ந்த பேரு தன்னால மாறிரும். அஞ்சு செகண்டு வேலை.

ஆறு பேருக்கு வேற வேறயா இருந்தது. அஞ்சு பேருக்கு மாத்திட்டேன். இருபத்தி மூணாவது வரி மனோஜுக்கு மாத்துறப்ப அவன் அம்மா செவ்வாய்க்கிழமை ஜன்னல்கிட்ட வந்து நின்னது ஞாபகம் வந்துது. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற பொம்பளை, கையில ஃபார்மை நாலா மடிச்சு வச்சுக்கிட்டு, “அண்ணே, அவங்க அப்பா இருக்காரு, ஆனா இல்லை, என் பேரோட எழுத்தைப் போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”ன்னு கேட்டா. “யாரும்மா சொல்றது? வளக்குறது நீ. உன் எழுத்தைப் போட உனக்கு உரிமை இல்லையா? எவன் கேட்டாலும் என்கிட்ட அனுப்பு”ன்னேன். அந்த அம்மா கண்ணுல தண்ணி நின்னுது. பெரிய நியாயவான். அன்னிக்குச் சாயங்காலம் பூரா எனக்கே என்னைப் பிடிச்சிருந்தது. அடுத்த நாள்தான் பத்து-பி ஃபார்ம்கட்டு வந்துச்சு. அதுல அபிநயா ஃபார்ம். மாணவி பெயர் அபிநயா. இனிஷியல் தே. தே, தேன்மொழி. அப்பா பெயர் குருமூர்த்தின்னு அழகா எழுதி, இனிஷியல் மட்டும் தே. ரிஜிஸ்டர்ல கு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எல்கேஜிக்குச் சேர்த்தப்ப நானே என் கையால எழுதின கு. அன்னிக்குப் புதுப் பேனா வாங்கினேன். அவ என் மடியில உக்காந்துக்கிட்டு அந்த மூடியைக் கடிச்சுக்கிட்டே இருந்தா. ‘கு’ போட்டுப் புள்ளி வச்சு ‘அபிநயா’ன்னு எழுதினதும், “இது யாரு?”ன்னு கேட்டேன். “நானு”ன்னா. இப்ப அந்த ‘நானு’ல நான் இல்லையாம். தேன்மொழியோட கையெழுத்துதான் இது. அந்த ஏகாரக் கொம்பை அவதான் இப்படிப் பின்னுக்கு இழுத்து எழுதுவா, மளிகைச் சீட்டுல தேங்காய்னு எழுதினாக்கூட அந்தக் கொம்பு பேப்பரை விட்டு வெளிய போகும். வேணும்னே பண்ணியிருக்கா. பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா, சரி. ரெண்டாவது ஞாயித்துக்கிழமை மட்டும் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில ரெண்டு மணி நேரம் பாத்துக்கோன்னா, சரின்னேன். ஸ்கூல்ல மத்த பிள்ளைங்க முன்னாடி ‘சார்’னு கூப்பிடட்டும், அதுவும் சரி, அது நான் சொன்னதுதான். கடைசியா இருந்தது ஒரு எழுத்து. அதையும் எடுத்துக்கணுமா? ஒரு எழுத்துய்யா. ஒரு மனுஷனுக்கு ஒரு எழுத்துகூட மிஞ்சக் கூடாதா?

மணி ரெண்டரை. கர்சர் எழுபத்தி நாலாவது வரியில கண்ணைச் சிமிட்டிக்கிட்டு நிக்குது. கு. அபிநயா. நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். அதுதான் விஷயம். ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும், ஃபார்முலா சேத்ததைச் சேத்தபடி விட்டுட்டா நாலு மணிக்குப் போயிரும், சைட்டைப் பூட்டிருவாங்க, அதோட ஆயுசுக்கும் கு. யாராவது கேட்டா, ரிஜிஸ்டர்லேருந்து தன்னால வந்துருச்சு டீச்சர், நூத்திப் பன்னெண்டுல ஒண்ணு கண்ணுல படாமப் போச்சும்பேன். யாரு சந்தேகப்படப் போறா, எக்செல் தெரியாத குருமூர்த்தியை. மத்தியானமே நாலு பேரு நான் இதோட மல்லுக்கட்டுறதைப் பாத்துட்டுப் போயிட்டாங்க. அவ கையெழுத்துப் போட வர்றப்ப பாத்தா? பாக்கட்டும். பாத்துட்டு என்ன சொல்லுவா? ஒண்ணும் சொல்ல மாட்டா. அபிநயா ஒண்ணும் சொல்ற பிள்ளை இல்லை. நாலாங்கிளாஸ்ல குடையைத் தொலைச்சிட்டு வந்தப்ப, “எங்கடி வச்ச?”ன்னு கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு அப்படியே நின்னா. நான் நிறுத்தினதுக்கு அப்புறமும் கையை எடுக்கலை. சோறு ஊட்டுறப்பக்கூட எடுக்கலைன்னு தேன்மொழி சொன்னா. ஒரு குடைக்கு. மறுநாள் நானே புதுக்குடை வாங்கிட்டு வந்தேன், ரோஸ் கலர், பூப்போட்டது. அதை அவ பிரிக்கவே இல்லை, பிரிச்சாத் தொலைஞ்சிருமேன்னு. மழையில நனைஞ்சுக்கிட்டே வருவா, குடை பைக்குள்ள இருக்கும். சே. இப்ப எதுக்கு இது. இப்ப விஷயம் எழுத்து. அந்தப் பேக்கரியில போன ஞாயித்துக்கிழமை எக் பஃப்ஸைப் பிச்சுக்கிட்டே, “இந்த வாரம் ஃபார்ம் ஃபில்லப் பண்ணணும்ப்பா”ன்னா. “பண்ணு”ன்னேன். ஏதோ சொல்ல வந்தா. அந்த நேரம் பாத்து டீயில ஈ கிடந்துச்சு, நான் கடைக்காரனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாக்கிறப்ப அவ பையைத் தோள்ல மாட்டியிருந்தா. என்ன சொல்ல வந்தா? அப்பா, அம்மா இப்படி எழுதச் சொல்றாங்க, நான் என்ன பண்றதுன்னுதான் இருக்கும். வேற என்ன இருக்கும். என்கிட்ட வந்து நின்னிருக்கா, நான் ஈயைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்திருக்கேன். அப்படின்னா ‘கு’ன்னு விடுறதுதான் அவளுக்கு நான் செய்யிற நல்லது. ஆமா. அவளால சொல்ல முடியாததை நான் சொல்றேன். ‘தே’ன்னு அடிச்சிட்டு உடனே அழிச்சேன். மறுபடி ‘கு’. இப்படியே ஆறேழு தடவை. நான் மாத்துறப்ப எல்லாம் அந்தக் கடைசிக் கட்டம் மறுவார்த்தை பேசாம மாறுது, தே. அபிநயா, கு. அபிநயா, தே. அபிநயா. மத்தியானம் பூரா என்னைப் பாடாப் படுத்தின சனியன் இதுக்கு மட்டும் எவ்வளவு பணிவு பாருங்க. ரெண்டே முக்காலுக்கு ‘கு’ன்னு இருக்கிறப்ப பிரின்ட் குடுத்துட்டேன்.

பிரின்டர் பேப்பரைக் கடிச்சுது, அதோட ஒரு சண்டை, அதெல்லாம் சொல்லி முடியாது. மூணு மணிக்கு அமுதவல்லி டீச்சர் பத்து-பியை வரிசையா நிறுத்திக் கூட்டிட்டு வந்தாங்க. ஒவ்வொண்ணா ஜன்னலுக்கு வந்து, பேரை விரலால தொட்டுப் படிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போகுதுங்க. பிங்கி குமாரி தன் பேருக்கு முன்னாடி எழுத்து எதுவும் இல்லாததைப் பாத்துட்டுச் சிரிச்சா. நான் யாரையும் நிமிர்ந்து பாக்கலை. அபிநயா வந்தது அவ கையை வச்சே தெரிஞ்சுது, சுண்டு விரல் நகத்துல மட்டும் மருதாணி. பேனாவை எடுத்தா. விரல் எழுபத்தி நாலுக்கு வந்து நின்னுது. நின்னபடியே இருந்தது. போடும்மா, போட்டுட்டுப் போயிரும்மான்னு மனசுக்குள்ள கெஞ்சுறேன். “சார், இது தப்பா இருக்கு.” மெதுவாச் சொன்னா. காதைப் பொத்தலை. “ரிஜிஸ்டர்லேருந்து வருதும்மா, ஃபார்முலா அப்படித்தான் சேக்குது”ன்னேன். “ஃபார்ம்ல மாத்திக் குடுத்திருந்தேனே சார்.” “உங்க அம்மா எழுதினது”ன்னு எனக்கு வாய் தவறிப் போச்சு. அவ நிமிர்ந்து என் கண்ணைப் பாத்தா. “அம்மா எழுதலை. நான்தான் எழுதினேன். அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க, அப்பா மனசு கஷ்டப்படும்னு.” அப்புறம், ரொம்ப மெதுவா, பின்னாடி நிக்கிறவளுக்குக் கேக்காம, “அன்னிக்குப் பேக்கரியில உங்ககிட்ட சொல்லலாம்னுதான் வந்தேன்”ன்னா.

அந்தக் கொம்பு, பின்னுக்கு இழுத்த கொம்பு, அம்மாவைப் பாத்துப் பாத்துப் பிள்ளையும் அப்படியே எழுதப் பழகியிருக்கு, எனக்கு அதுகூடத் தெரியலை. வரிசை நகராததைப் பாத்து அமுதவல்லி டீச்சர் எட்டிப் பாத்தாங்க. “என்ன குருமூர்த்தி சார், பேரு தப்பா வந்துருச்சா? கம்ப்யூட்டர் பண்ற வேலையா?” ஆமா டீச்சர்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில இருந்துச்சு. இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க நான் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன், கம்ப்யூட்டர், சேவியர், ஹெச்செம், தேன்மொழி. “இல்லை டீச்சர், கம்ப்யூட்டர் சரியாத்தான் பண்ணுச்சு. நான்தான் மாத்தாம விட்டேன்”ன்னேன். என் குரல் எனக்கே கேக்கலை, டீச்சர் “என்ன சார்?”ன்னு திரும்பக் கேட்டாங்க. “தப்பு என்னோடதுன்னு சொன்னேன்.” கட்டத்துக்குள்ள போய் ‘தே’ அடிச்சேன். பக்கத்துல உடனே மாறுச்சு. தே. அபிநயா. ஸ்கிரீனை அவ பக்கம் திருப்பிக் காட்டினேன். தலையாட்டினா. அதோட விட்டிருக்கலாம். ஆனா என் புத்தி இருக்கே. எனக்குக் கோவம் வந்துருச்சு, அது கோவம்கூட இல்லை, அழுகைதான், எனக்கு அது அப்படித்தான் வரும். கர்சரை நகத்தி அப்பா பெயர்னு இருக்கிற கட்டத்துல கொண்டு போய் வச்சு, என் பேரு மேலயே வச்சு, அழிக்கிற பட்டன்ல விரலை வச்சுக்கிட்டு, “அப்ப இதையும் எடுத்துரவா?”ன்னு கேட்டேன். கத்தலை. சத்தியமாக் கத்தலை.

அவ பட்டுன்னு ஜன்னல் கம்பிக்குள்ள கையை நீட்டி கீபோர்டு மேல இருந்த என் விரலைப் பிடிச்சுத் தூக்கினா. “அதை ஏன் தொடுறீங்க? அது சரியாத்தான் இருக்கு.” புதுசா அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்து நீட்டினேன். படிச்சுப் பாத்து, ஒவ்வொரு எழுத்தா நிதானமாக் கையெழுத்துப் போட்டுட்டு, பேனாவை மூடி வச்சிட்டு வரிசையை விட்டுப் போனா. அடுத்துன்னு கூப்பிடாம நான் அந்தப் பேனா மூடியையே பாத்துக்கிட்டு இருந்தேன். அமுதவல்லி டீச்சர்தான் கூப்பிட்டாங்க.